மொட்டைக் கம்பத்துக்கு வந்த கொடி

லண்டனுக்குச் சுற்றுலா போகிறவர்கள் பக்கிங்ஹாம் அரண்மனை முன்னால் நின்று எடுத்துக்கொள்ளும் படங்களில், பெரும்பாலும் கட்டடத்தின் உச்சியில் ஒரு கொடி தெரியும். சிவப்பு, வெள்ளை, நீலம் கலந்த யூனியன் ஜாக். அது பறந்தால் ராஜா வீட்டில் இல்லை, சிங்கமும் யாழும் போட்ட வேறொரு கொடி பறந்தால் ராஜா உள்ளே இருக்கிறார் என்று வழிகாட்டிகள் விளக்குவார்கள். கேட்பவர்களுக்கு இது விக்டோரியா காலத்து ஏற்பாடு என்று தோன்றும். உண்மையில் அந்த யூனியன் ஜாக் அங்கே ஏறியது 1997 செப்டம்பர் 6, சனிக்கிழமை காலையில்தான். அதுவும் அரண்மனை விரும்பி ஏற்றியது இல்லை. ஊரே திரண்டு நின்று கேட்டு வாங்கியது.

அதற்கு முன்னால் அந்தக் கம்பத்துக்கென்று இருந்தது ஒரே கொடி. ராயல் ஸ்டாண்டர்ட், அதாவது அரசக் கொடி என்பார்கள். நான்கு கட்டம், இரண்டில் இங்கிலாந்தின் மும்மூன்று சிங்கங்கள், ஒன்றில் ஸ்காட்லாந்தின் ஒற்றைச் சிங்கம், மற்றதில் அயர்லாந்தின் யாழ். நாட்டுக்கு உரிய கொடி இல்லை, ஆளுக்கு உரிய கொடி. அரசி எந்தக் கூரையின் கீழ் இருக்கிறாரோ அங்கே பறக்கும். அவர் கிளம்பியதும் இறக்கிச் சுருட்டிவிடுவார்கள். கம்பம் மொட்டையாக நிற்கும்.

இந்தக் கொடி யாருக்காகவும் அரைக்கம்பத்துக்கு இறங்காது. ராஜாவே செத்தாலும் இறங்காது. ஒரு ராஜா கண்மூடும் அதே நொடியில் வாரிசு ராஜாவாகிவிடுகிறார், அரியணை ஒரு கணமும் காலியாவதில்லை, ஆகவே அரச பதவிக்குச் சாவு கிடையாது என்பது அவர்கள் கணக்கு. 1952 பிப்ரவரியில் ஆறாம் ஜார்ஜ் இறந்தபோது மகள் எலிசபெத் கென்யாவில் இருந்தார். போனபோது இளவரசி, திரும்பி வந்தபோது அரசி. பெற்ற தகப்பனுக்கே தாழாத கொடி அது. நாற்பத்தைந்து வருடம் கழித்து அதே எலிசபெத்திடம், விவாகரத்தாகிப் போன மருமகள் டயானாவுக்காகக் கொடியை இறக்கு என்று கேட்டார்கள்.

1997 ஆகஸ்ட் 31, ஞாயிறு அதிகாலை. பாரிஸில் அல்மா பாலத்துச் சுரங்கப்பாதையில் ஒரு மெர்சிடிஸ் கார் தூணில் மோதியது. பின்னால் மோட்டார் சைக்கிள்களில் படக்காரர்கள் துரத்தி வந்துகொண்டிருந்தார்கள். டயானாவின் நண்பர் டோடி ஃபயதும் ஓட்டுநர் ஆன்ரி போலும் அங்கேயே இறந்தார்கள். டயானாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். விடியற்காலை நான்கு மணி வாக்கில் உயிர் பிரிந்தது. வயது 36.

அரச குடும்பம் அப்போது ஸ்காட்லாந்தில், பால்மோரல் கோட்டையில் கோடை விடுமுறையில் இருந்தது. பேரப்பிள்ளைகளும் அங்கேதான். வில்லியமுக்கு 15 வயது, ஹாரிக்கு 13 ஆக இன்னும் இரண்டு வாரம். தகப்பன் சார்லஸ்தான் பிள்ளைகளை எழுப்பிச் செய்தி சொன்னார். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால், வழக்கம்போல எல்லோரும் பக்கத்து கிராமத்துத் தேவாலயத்துக்குப் போனார்கள். வழிபாட்டில் டயானாவின் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. பிள்ளைகளை நோகவைக்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். வெளியே இருந்தவர்களுக்கு அது கல் நெஞ்சமாகப் பட்டது.

முறைப்படி பார்த்தால் டயானா யார்? ஓராண்டுக்கு முன்தான், 1996 ஆகஸ்டில், விவாகரத்து முடிந்து அரச குடும்பத்து மரியாதைப் பட்டம் பறிபோயிருந்தது. ஆனால் எதிர்கால ராஜாவின் தாய். அவருக்கு எப்படி இறுதிச் சடங்கு நடத்துவது என்று எந்தப் பழைய ஏட்டிலும் இல்லை. பிறந்த வீட்டார் அமைதியாக, குடும்பத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஊர் திரண்ட வேகத்தைப் பார்த்ததும் அந்தப் பேச்சு நின்றுபோனது. இருந்ததோ ஒரு வாரத்துக்கும் குறைவான அவகாசம். கடைசியில் தயாராக இருந்த ஒரு திட்டத்தைத் தூசு தட்டி எடுத்தார்கள். ‘டே பிரிட்ஜ்’ என்று சங்கேதப் பெயர். அரசியின் தாயாருக்காகப் போட்டு வைத்திருந்த இறுதி ஊர்வலத் திட்டம் அது. அந்த அம்மாளுக்கு அப்போது 97 வயது, நல்ல திடமாக இருந்தார். தமக்காக எழுதிய திட்டத்தின்படி டயானாவுக்கு நடந்த சடங்கில் அவரே வந்து உட்கார்ந்திருந்தார்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. அரசியின் அந்தரங்கச் செயலாளராக இருந்து, விதி என்ன, மரபு என்ன என்று பார்க்க வேண்டியிருந்தவர் ராபர்ட் ஃபெலோஸ். அவர் மனைவி ஜேன், டயானாவின் உடன்பிறந்த அக்கா. அரண்மனைக் கோப்பும் வீட்டு எழவும் ஒரே மனிதரின் தலையில் விழுந்தன. அந்த வாரம் முழுக்க அரண்மனை அதிகாரிகள் உணர்ச்சியற்ற கட்டைகள் என்று ஊர் திட்டித் தீர்த்தபோது, இந்த விவரத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

லண்டனில் நடந்துகொண்டிருந்தது வேறு. டயானா குடியிருந்த கென்சிங்டன் அரண்மனை வாசலில் ஞாயிறு காலையிலேயே பூங்கொத்துகள் வர ஆரம்பித்தன. இரண்டு மூன்று நாளில் அது பூக்கடல். சில இடங்களில் மார்பளவு உயரம். பிளாஸ்டிக் தாளில் சுற்றிய கொத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக அழுந்தி, அடியில் இருந்தவை வெயிலில் புழுங்கி மக்க ஆரம்பித்தன. பூவோடு சேர்த்துக் கரடி பொம்மை, மெழுகுவர்த்தி, குழந்தைகள் கிறுக்கிய அட்டைகள். செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் இரங்கல் எழுத நோட்டுப் புத்தகங்கள் வைத்தார்கள். முதலில் வைத்தவை ஐந்துக்கு மேல் இல்லை. வரிசை நீண்டுகொண்டே போனதும் அவை நாற்பதைத் தாண்டின. அப்படியும் பல மணி நேரம் கால்கடுக்க நின்றுதான் எழுத முடிந்தது. பொது இடத்தில் மூக்கைச் சிந்துவதையே கூச்சமாக நினைக்கிற ஜனம் என்று பெயர் வாங்கியவர்கள், முன்பின் தெரியாதவர் தோளில் சாய்ந்து அழுதார்கள்.

பக்கிங்ஹாம் வாசலுக்கும் கூட்டம் வந்தது. வந்தவர்கள் பூவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். கம்பம் காலி. நாடு முழுவதும் அரசுக் கட்டடங்களில் கொடி அரைக்கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த ஒரு கட்டடத்தில் மட்டும் ஒன்றுமே இல்லை. நம் ஊரில் எழவு விழுந்த வீட்டு வாசலில் ஷாமியானா கட்டி நாலு நாற்காலி போட்டுவிடுவார்கள், தெருவோடு போகிறவனுக்கும் விஷயம் தெரிந்துவிடும். அங்கே வந்தவர்கள் தேடியதும் அப்படி ஒரு அடையாளத்தைத்தான். அரசி பால்மோரலில் இருக்கிறார், அவர் இல்லாதபோது இங்கே கொடி ஏறாது, ஏறினாலும் அந்தக் கொடி தாழாது என்று அரண்மனை சொன்ன விளக்கத்தில் ஒரு பிழையும் இல்லை. சாவு வீட்டு வாசலில் நின்றுகொண்டு சட்டம் பேசினால் யார் கேட்பார்கள்?

செப்டம்பர் 4, வியாழக்கிழமை பத்திரிகைகள் பொங்கின. எங்கே நம் அரசி, எங்கே அவர் கொடி என்று கேட்டது ‘சன்’. எங்களோடு பேசுங்கள் அம்மா என்றது ‘மிரர்’. உங்களுக்கு அக்கறை இருக்கிறது என்று காட்டுங்கள் என்றது ‘எக்ஸ்பிரஸ்’. மூன்றும் முதல் பக்கத்தில், கொட்டை எழுத்தில்.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். டயானாவின் படத்துக்காகப் பதினாறு ஆண்டுகள் லட்ச லட்சமாகக் கொட்டிக் கொடுத்தவை பத்திரிகைகள். விபத்து நடந்த அன்றே அவருடைய தம்பி ஏர்ல் ஸ்பென்சர், தென்னாப்பிரிக்காவில் தன் வீட்டு வாசலில் நின்று, அக்காவின் படங்களுக்கு விலை கொடுத்த ஒவ்வொரு முதலாளி, ஆசிரியர் கையிலும் ரத்தம் இருக்கிறது என்று சொல்லியிருந்தார். முதல் இரண்டு நாள் கூட்டத்தின் கோபம் கேமராக்காரர்கள் மேல்தான் இருந்தது. வியாழக்கிழமைக்குள் அது பால்மோரல் பக்கம் திரும்பிவிட்டது. பத்திரிகைகள் திட்டமிட்டுத் திருப்பின என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மொட்டைக் கம்பம் அவர்களுக்கு வாய்த்த நல்ல கவசம். 2008இல் லண்டனில் நடந்த மரண விசாரணையில் ஜூரிகள் ஓட்டுநரின் படுமோசமான கவனக்குறைவையும், பின்தொடர்ந்த வண்டிகளையும் சேர்த்தே காரணமாகச் சொன்னார்கள். அதற்குள் பதினோரு வருடம் ஓடியிருந்தது.

பால்மோரலுக்குள் என்ன நடந்தது என்பது வெகுகாலம் கழித்துத்தான் வெளியே வந்தது. 2017இல், தாயின் இருபதாவது நினைவாண்டில், பிபிசி ஆவணப்படம் ஒன்றில் வில்லியம் பேசினார். பாட்டி வேண்டுமென்றே வீட்டிலிருந்து செய்தித்தாள்களை எல்லாம் அகற்றிவிட்டார், வெளியே நடப்பது எதுவும் எங்களுக்குத் தெரியாது, அழுவதற்கும் யோசிப்பதற்கும் எங்களுக்கு இடம் கிடைத்தது என்றார். அந்தப் பாட்டி செய்ததில் எந்தத் தப்பையும் நான் காணவில்லை. தாயை இழந்த இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு வேறு எந்தப் பாட்டியும் அதைத்தான் செய்திருப்பார். ஆனால் அவர் அரசியும்கூட. அரசி ஐந்து நாளாக வாய் திறக்கவில்லை என்ற ஜனங்களின் குறையையும் பொய் என்று தள்ள முடியாது. ஊர் கேட்ட துக்கமும் வீடு பொத்தி வைத்த துக்கமும் அந்த இரண்டு பையன்களின் முகத்தில்தான் இருந்தன. அந்த முகங்களைக் காட்டு என்பதுதான் உண்மையான கோரிக்கை. கொடி என்பது அதை நாகரிகமாகக் கேட்ட விதம்.

வியாழன் மாலை அரண்மனை இறங்கி வந்தது. எங்களுக்குத் துக்கமே இல்லை என்பதுபோலப் பேசுவது நெஞ்சைப் புண்படுத்துகிறது என்று பத்திரிகைச் செயலாளர் கேமராக்கள் முன் அறிக்கை படித்தார். மறுநாள் அரசியும் கணவர் பிலிப்பும் லண்டன் திரும்பினார்கள். கார் அரண்மனைக்குள் நுழையாமல் வாசலில் நின்றது. இருவரும் இறங்கிப் பூக்களைப் பார்த்து நடந்தார்கள். கூட்டத்தில் ஒரு சிறுமி பூங்கொத்தை நீட்டினாள். உனக்குப் பதிலாக நான் வைத்துவிடட்டுமா என்று கேட்டார் அரசி. இல்லை, இது உங்களுக்கு என்றாள் அந்தப் பெண். அந்த வாரம் முழுக்க ஏச்சே கேட்டுவந்த குடும்பத்துக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மாலை ஆறு மணிக்கு நேரலையில் பேசினார். ஜன்னல் திறந்திருந்தது, பின்னால் வாசலில் நிற்கும் கூட்டம் தெரிந்தது. அரசியாகவும் ஒரு பாட்டியாகவும் பேசுகிறேன் என்றார். பாட்டி என்ற அந்தச் சொல் பிரதமர் டோனி பிளேரின் ஆட்கள் சேர்த்தது என்பார்கள். இருக்கலாம். உண்மையைச் சொல்ல ஒருவர் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தாலும் அது உண்மைதான்.

அதே வெள்ளிக்கிழமை சார்லஸ் மகன்களைக் கென்சிங்டன் வாசலுக்கு அழைத்துப்போனார். ஊர் கேட்ட முகங்கள் வெளியே வந்தன. பையன்கள் கோட்டு, டையோடு தடுப்புக் கம்பிகளை ஒட்டி நடந்து, நீட்டிய கைகளைக் குலுக்கினார்கள், நன்றி சொன்னார்கள், புன்னகைத்தார்கள். ஹாரி பின்னாளில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்: தான் குலுக்கிய கைகள் எல்லாம் ஈரமாக இருந்தன. ஏன் என்று அப்போது புரியவில்லை. அவர்கள் அதற்கு ஒரு நிமிஷம் முன்புதான் கண்ணைத் துடைத்திருக்கிறார்கள். தாயைப் பறிகொடுத்த பன்னிரண்டு வயதுப் பையன், அவளை நேரில் பார்த்தே இராதவர்களின் கண்ணீரைக் கையில் வாங்கிக்கொண்டு அவர்களைத் தேற்றிக்கொண்டிருந்தான். தான் அழுதது ஒரே ஒரு தடவை, அடக்கம் செய்தபோது மட்டும் என்று 2023இல் அவரே சொன்னார். அத்தனை பேர் அழும்போது தன்னால் அழ முடியவில்லையே என்ற குற்ற உணர்ச்சியும் இருந்ததாம்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி கழிந்து சவப்பெட்டி பீரங்கி வண்டியில் கென்சிங்டனிலிருந்து கிளம்பியது. பெட்டியின் மேல் போர்த்தியிருந்தது அரசக் கொடியின் ஒரு வகைதான். மேலே வெள்ளை ரோஜா மொட்டுகளோடு ஒரு உறை. அதன்மேல் ‘மம்மி’ என்று பிள்ளையின் கையெழுத்து. ஊர்வலம் பக்கிங்ஹாம் வாசலைக் கடந்தபோது அரசி குடும்பத்தோடு வெளியே வந்து நின்றார். பெட்டி வந்ததும் தலை தாழ்த்தினார். அவர் ஊரில் இருந்ததால் அப்போது மேலே அரசக் கொடி, முழுக் கம்பத்தில்.

செயின்ட் ஜேம்ஸ் அரண்மனை அருகே ஐந்து ஆண்கள் பெட்டிக்குப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள்: பிலிப், வில்லியம், ஏர்ல் ஸ்பென்சர், ஹாரி, சார்லஸ். பையன்களை நடக்க வைப்பதா என்று முதல் நாள் வரை இழுபறி. நான் நடந்தால் என்னோடு நீயும் நடப்பாயா என்று பிலிப் பேரனிடம் கேட்டதாகச் சொல்வார்கள். எந்தக் குழந்தையிடமும், எந்தச் சூழ்நிலையிலும் அப்படி ஒன்றைக் கேட்கக் கூடாது என்று இருபது வருடம் கழித்து ஹாரி பேட்டி கொடுத்தார்.

அரசி வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குப் புறப்பட்டதும் அந்தக் கம்பத்தில் வேலை நடந்தது. அவர் போனதால் அரசக் கொடி விதிப்படி இறங்கியது. கம்பம் மொட்டையாகவில்லை. யூனியன் ஜாக் உச்சிவரை ஏறி, அங்கிருந்து கீழே வந்து, அரைக்கம்பத்தில் நின்றது. முதலில் உச்சிக்கு ஏற்றாமல் அரைக்கம்பத்தில் கட்டுவது அங்கே முறையில்லை. வேடிக்கை பார்த்த ஜனங்கள் கைதட்டினார்கள். சாவு ஊர்வலத்தில் கைதட்டல் வினோதம்தான். ஆனால் அன்று அது இன்னும் ஒரு முறை நடந்தது. அபேக்குள் ஏர்ல் ஸ்பென்சர் பத்திரிகைகளையும், சொல்லாமல் சொல்லி அரச குடும்பத்தையும் சாடிப் பேசி முடித்தபோது, வெளியே ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் கைதட்டல் கதவு வழியாக உள்ளே பரவியது. மாலையில் டயானாவை ஆல்தார்ப்பில், பிறந்த வீட்டுத் தோட்டத்து ஏரிக்கு நடுவே ஒரு தீவில் அடக்கம் செய்தார்கள். அங்கே கூட்டமும் இல்லை, கேமராவும் இல்லை. வீட்டுக்கு மிச்சம் கிடைத்தது அந்தத் தீவுதான்.

அரண்மனை செய்த ஏற்பாட்டின் நுணுக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. பழைய விதியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அரசக் கொடி அன்றும் தாழவில்லை, இன்றும் தாழாது. ஆள் இல்லாத நேரத்துக்கு ஒரு நாட்டுக் கொடியைக் கொண்டுவந்து, தாழ வேண்டியதை அதன் தலையில் கட்டினார்கள். அன்று முதல் யூனியன் ஜாக் அங்கேயே தங்கிவிட்டது. 2001 செப்டம்பரில் நியூயார்க் தாக்குதலுக்கும், 2005 ஜூலையில் லண்டன் குண்டுவெடிப்புக்கும் இறங்கியது. 2002இல் அரசியின் தங்கை மார்கரெட்டுக்கும், சில வாரத்திலேயே தாயாருக்கும் இறங்கியது. ‘டே பிரிட்ஜ்’ கடைசியில் சொந்தக்காரருக்கே பயன்பட்டது.

2021 ஏப்ரலில் பிலிப் இறந்தபோது கொரோனா காலம். பூ வைக்க வராதீர்கள் என்று அரண்மனையே கேட்டுக்கொண்டது. லண்டனில் ஆள் இல்லாத அரண்மனையின் மேல் யூனியன் ஜாக் அரைக்கம்பத்தில். அரசி இருந்ததோ வின்ட்சர் கோட்டையில்; அவர் இருக்கும் இடத்துக் கொடி தாழாதது. எழுபத்து மூன்று வருடம் கூட வாழ்ந்தவரைப் பறிகொடுத்த வீட்டுக்கு அரைக்கம்பம் கிடையாது, காலி வீட்டுக்குத்தான் உண்டு. இறுதிச் சடங்குக்கு முப்பது பேருக்கு மட்டுமே அனுமதி. முகக்கவசத்தோடு தேவாலய இருக்கையில் அவர் தனியாக உட்கார்ந்திருந்த படத்தை உலகமே பார்த்தது. அப்போது யாரும் அவரிடம் உங்கள் துக்கத்தைக் காட்டுங்கள் என்று கேட்கவில்லை.

2022 செப்டம்பர் 8 பிற்பகலில் அவரும் போனார், அதே பால்மோரலில். மாலை ஆறரை மணிக்கு அறிவிப்பு வந்தபோது பக்கிங்ஹாம் முன்னால் மழையில் காத்துக்கொண்டிருந்தவர்கள் கொடி இறங்குவதைப் பார்த்தார்கள். மறுநாள் சார்லஸ் ராஜாவாக லண்டன் வந்தார். கார் வாசலில் நின்றது, இறங்கினார், பூக்களைப் பார்த்தார், தடுப்பை ஒட்டி நடந்து கை குலுக்கினார். ஒரு பெண்மணி கன்னத்தில் முத்தமே கொடுத்தார். 1997இல் ஐந்து நாள் கழித்து வந்த காட்சி இந்த முறை ஒரு நாளுக்குள் வந்துவிட்டது. பிறகு அவர் உள்ளே போக, யூனியன் ஜாக்கை இறக்கிவிட்டு அரசக் கொடியை உச்சிக்கு ஏற்றினார்கள்.

பூ விஷயத்திலும் முன்னேற்பாடு இருந்தது. டயானாவுக்கு வந்தவற்றில் வாடாதவை மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் போயின, மக்கியவை பிளாஸ்டிக் தாளை உரித்த பிறகு பூங்காவுக்கே உரமாயின. அந்த அனுபவத்தாலோ என்னவோ, இந்த முறை பூங்கா நிர்வாகம் சுற்றுத்தாள் இல்லாமல் பூ வையுங்கள் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டது. ஜனங்கள் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் அந்த ஜூனில் அரசி பேடிங்டன் கரடியோடு ஒரு குறும்படத்தில் நடித்து, கைப்பையிலிருந்து மர்மலேட் சாண்ட்விச்சை எடுத்துக் காட்டியிருந்தார். அதை நினைத்து ஆளுக்கொரு கரடி பொம்மையும் சாண்ட்விச்சுமாகக் கொண்டுவந்து குவிக்க ஆரம்பித்தார்கள். பொம்மையும் சாண்ட்விச்சும் இதற்கு மேல் வேண்டாம் என்று நிர்வாகம் இன்னொரு அறிவிப்பு விட வேண்டியிருந்தது.